தேர்வில் தோற்ற மதகு ஆணை

அடியைக் காணப் பன்றி வடிவெடுத்து மண்ணைக் குடைந்து போனார் ஒருவர். முடியைக் காண அன்ன வடிவெடுத்து விண்ணில் பறந்து போனார் மற்றொருவர். இருவரும் கண்டாரல்லர். தேடப்பட்ட பொருள் அளவிறந்த சோதியாய் நின்றமையால் வந்த தோல்வி அது என்று அடியார்கள் உருகிப் பாடிவைத்தார்கள். சேலம் ஆவணப் பொருத்த நிலையத்தின் இயக்குநர் முனைவர் பெரியசாமி மட்டும் இதற்கு உடன்படுவதில்லை. அந்நாளில் தம் நிலையம் இல்லாமற் போனதே குறை என்பது அவர் துணிபு. இருந்திருந்தால் அடிக்கு இத்தனை மதிப்பெண், முடிக்கு இத்தனை மதிப்பெண் என்று தாளில் அடித்துக் கையில் கொடுத்திருப்பார்கள். பன்றியும் அன்னமும் அலையாமல் வீடு திரும்பியிருக்கலாம்.

சோதியைத் தேடும் பேறு வாய்க்காத தங்கசாமி ஒரு தாளைத் தேடித்தான் அந்நிலையத்துக்குப் போனார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு, சித்திரை மாதம். சேந்தமங்கலத்துக்கு அப்பால், கொல்லிமலையின் அடிவாரத்தில், அவருடைய மரவள்ளிக்காடு இலை துவண்டு நின்றது. மலையில் கோடைமழை பெய்து ஏரியில் தண்ணீர் கிடந்தது. ஏரிக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு மதகு. அம்மதகில் ஒரு பூட்டு. பூட்டின் சாவி புதிதாக வந்த ஓவர்சியர் சென்னிமலையின் இடுப்பில்.

“உங்க காட்டுக்கு மதகு தொறக்கலாம்னு ஆணை இருக்குதா?” என்றார் சென்னிமலை.

“எங்கய்யன் காலத்துலயே குடுத்ததுங்க. வருசா வருசம் தொறக்கறதுதானுங்களே.”

“தொறந்தது எனக்குத் தெரியாது. ஆணையோட நகல் என்ற ஆபீசுல இல்ல. சேலத்துல கேட்டு வாங்கிட்டு வாங்க. தாள் வந்தாத் தண்ணி வரும்.”

தங்கசாமியின் மனைவி ஆத்தாயி வரப்பில் நின்று இதைக் கேட்டாள். ஓவர்சியர் போன பிறகு, “ஏனுங்க, கிழங்கு பத்து நாள் தாங்குமுங்களா?” என்றாள்.

“தாங்கும்னு நெனைக்கிறேன்.”

“நீங்க நெனைக்கறது இருக்கட்டும். கிழங்கு என்ன நெனைக்குதுன்னு பாருங்க. விடியால முதல் பஸ்ஸுக்குக் கெளம்புங்க.”

சூரமங்கலத்தில், ரயில்வே குடியிருப்புகளைத் தாண்டி, வெளிர்மஞ்சள் பூசிய கட்டடம் ஒன்றில் நிலையம் இயங்கியது. இயங்கியது என்பது அதன் குளிரூட்டும் பொறியைக் கருதிச் சொன்ன சொல். வாயிலில் சின்னான் என்னும் கடைநிலை ஊழியர் அமர்ந்து, வருவோரின் செருப்பை வாங்கி வரிசையாக அடுக்கினார். உள்ளே கதவுக்குப் பின் கதவு. கதவு தோறும் குளிர் கூடியது. கடைசி அறையில் கண்ணாடித் திரையோடு ஒரு பொறி, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் துலங்க வீற்றிருந்தது. போன ஆயுத பூசைக்கு இட்ட பொட்டை ஒருவரும் துடைக்கத் துணியவில்லை.

தங்கசாமி தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பொறியை நோக்கிக் கைகூப்பி, அருகிலிருந்த பெண்ணிடம் பேசினார்.

“அம்மிணி, தேங்கா பழம் வாங்காம வந்துட்டேனுங்க. அடுத்த தடவ வரப்போ கொண்டாரேன்.”

பொறியின் முன் அமர்ந்திருந்த பொருத்த உதவியாளர் சௌந்திரம் நிமிர்ந்து பார்த்தாள். “ஏனுங்ணா, இது சாமியில்லீங்க. கம்ப்யூட்டருங்க.”

“அப்புறம் எதுக்குங்க செருப்பக் கழட்டச் சொன்னாங்க?”

“தூசி ஆகாதுங்க.”

“எங்கூர் மாரியாத்தாளுக்கும் ஆகாதுதானுங்களே,” என்றார் தங்கசாமி. கூப்பிய கையை அவர் இறக்கவில்லை.

மனுவைக் கொடுத்தார். ஐந்தாம் வகுப்புவரை படித்த கையால், ஆத்தாயி பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல எழுதியது அது. ‘உயர்திரு ஐயா அவர்களின் மேலான சமூகத்துக்கு, பணிவான வணக்கம். ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, ஏழை எளியவனாகிய அடியேனின் தாழ்மையான விண்ணப்பத்தை ஏற்று’ என்று தொடங்கி இரண்டு பக்கம் நடந்து, இறுதிக்கு முந்தைய வரியில் மதகைத் தொட்டு, மீண்டும் ‘என்றும் தங்கள் கருணைக்குக் காத்திருக்கும்’ என்று முடிந்தது.

பொறிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. சௌந்திரம் மனுவின் சொற்கள் ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் தட்டினாள். மனுவிலுள்ள சொற்கள் எந்த ஆவணத்தில் மிகுதியாக இருக்கின்றனவோ, அந்த ஆவணத்துக்குப் பொறி மிகுதியாக மதிப்பெண் இடும். நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கினால் தேர்ச்சி. தேறிய ஆவணத்தின் நகலே மனுதாரருக்குக் கிடைக்கும். அம்முறையை அவள் பொறுமையாக விளக்கினாள். விளக்கி முடிக்குமுன் இரு ஓரமும் துளையிட்ட தாள் கரகரவென்று வெளியே வந்து, மேசையிலிருந்து வழிந்து, தங்கசாமியின் காலடியில் மடிந்து மடிந்து கிடந்தது.

“மொதல்ல வந்திருக்கறது என்னங்க அம்மிணி?”

“இந்த நிலையத்துத் தெறப்பு விழாவுல படிச்ச வரவேற்பு மடலுங்க. அடுத்தது ஒரு தாசில்தாருக்குப் பிரிவுபசார மடல். அதுக்கடுத்ததும் பிரிவுபசாரந்தானுங்க.”

“என்ற மதகு?”

சௌந்திரம் தாளை இழுத்தாள், இன்னும் இழுத்தாள், அறையின் மறுகோடிவரை நடந்து இழுத்தாள். “இருக்குதுங்ணா! சேந்தமங்கலம் ஏரி, மதகு தெறப்பு ஆணை. இருபத்திரண்டு மார்க்கு. பெயிலுங்க.”

“அதெப்பிடிங்க பெயிலாகும்? அது பரீட்சை எழுதுச்சுங்களா?”

“அந்த ஆணையில ‘மதகு தெறக்கலாம்’னு ஒரே வரிதானுங்க இருக்குது. உங்க மனுவுல ஐயாவும் பணிவும் கருணையுந்தானே நெறைய. அதுல ஒண்ணுகூட இதுல இல்லீங்க. வெறும் ‘மதகு, தண்ணி’ன்னு எழுதியிருந்தா மேல வந்திருக்கும்.”

“வெறும் ‘மதகு, தண்ணி’ன்னு எழுதறதுங்களா? மாட்டை வெரட்டற மாதிரி இருக்காதுங்களா? பெரிய எடத்துல அப்பிடிப் பேசலாமுங்களா?”

“பேசக் கூடாது,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இயக்குநர் முனைவர் பெரியசாமி. அயல்நாட்டில் ஆறு வாரம் பயின்று வந்தவர். குளிருக்காக அங்கே வாங்கிய கம்பளிச் சட்டையைச் சேலத்துச் சித்திரையில் அணிவதற்கென்றே இந்த அறையைக் கட்டியவர் என்பது ஊழியர்களின் எண்ணம். “மரியாதைச் சொல் இல்லாத மனுவை ஏற்கலாகாது என்பது அலுவலக விதி.”

அப்போதுதான் தங்கசாமியின் கண் பக்கச் சுவரிலிருந்த கண்ணாடிச் சாளரத்தில் பட்டது. அப்பால் நீண்டதோர் அறை. வரிசை வரிசையாய் அலமாரிகள். வட்டம் வாரியாகப் பெயர் எழுதிய சிவப்புத் துணிக்கட்டுகள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கட்டு, தெளிவான தமிழ் எழுத்தில் ‘சேந்தமங்கலம் ஏரி, பாசன ஆணைகள்’ என்று பேர் சொல்லிக்கொண்டு அமர்ந்திருந்தது.

“சாமி! அதா இருக்குதுங்க! அதோ, அந்தக் கட்டுங்க!”

இயக்குநர் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் பரிவு தோன்றியது. “இருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் பொருத்தமாக இருக்கிறதா?”

“என்ற மதகு ஆணைங்க அது.”

“பாருங்கள், தங்கசாமி அவர்களே. முன்பெல்லாம் இங்கே ஒருவர் வந்து ஊர்ப் பெயரைச் சொல்வார். ஊழியர் உள்ளே போய் ஆவணத்தை எடுத்து வருவார். வாங்கிக்கொண்டு அவர் போய்விடுவார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதில் ஆய்வு எங்கே? அளவீடு எங்கே? எத்தனை விழுக்காடு பொருத்தம் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வெறும் ஆவணத்தோடு மக்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த இருண்ட காலம் அது. அக்காலத்தை ஒழிக்கத்தான் அரசு எங்களுக்கு இவ்வளவு பெரிய கட்டடம் கொடுத்திருக்கிறது.”

“சரிங்க. முப்பத்தஞ்சு ஆகோணும்னா நான் என்னங்க பண்ணோணும்?”

“தேடலைச் செம்மை செய்ய வேண்டும். இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வோர் ஆவணத்துக்கும் நேரே, பொருத்தம் என்றால் ‘ஆம்’, அன்றேல் ‘இல்லை’ என்று குறியுங்கள். அதைக் கண்டு பொறி தன்னைத் திருத்திக்கொண்டு மறுபடி மதிப்பெண் இடும்.”

“அந்தக் காகிதத்தையெல்லாம் ஒருக்காப் பார்த்துட்டு...”

“பார்ப்பதற்கில்லை. தேறாத ஆவணத்தைப் பொதுமக்கள் பார்க்க விதியில்லை.”

“பாக்காம எப்பிடிங்க சொல்றது?”

“சொன்னால்தானே தேறும்? தேறினால்தானே பார்க்கலாம்?”

கவலை ஏற்றத்தில் கட்டிய மாடு முன்னும் பின்னும் நடந்தாலும் கடைசியில் தண்ணீராவது மேலே வரும். இது அப்படியும் இல்லை என்று தங்கசாமிக்குப் பட்டது. “அப்பன்னா, என்ற மதகுக்கு மட்டும் ஆம் போட்டுட்டுப் போறேனுங்க.”

“தமக்கு வேண்டியதற்கு மட்டும் ஆம் என்பது ஒருதலைப்பட்சம். எல்லாவற்றுக்கும் கருத்துரைத்தால்தான் ஏற்போம்.”

பட்டியலைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு தங்கசாமி வெளியே வந்தார். வாயில் வேம்பின் நிழலில் அமர்ந்தார். பல நூறு ஆவணம், ஆங்கில எழுத்து, உள்ளே இருப்பது இன்னதென்று காணவும் கூடாது. மனிதர் அறிய வழியில்லாததைப் பற்றி முடிவு சொல்ல வேண்டி வரும்போது அவர் ஊரார் செய்வது ஒன்றுண்டு. கிணறு எங்கே வெட்டுவது, பெண்ணை எந்தத் திசையில் கொடுப்பது என்றெல்லாம் மாரியம்மன் முன்னிலையில் பூப்போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். குலுக்கிப் போட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தால், வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. தங்கசாமி பேருந்து நிறுத்தத்துப் பூக்காரியிடம் போய் இரண்டு நிறத்திலும் வாங்கி வந்தார். கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, துண்டை விரித்தார்.

ஓர் இடர்ப்பாடு இருந்தது. கேட்கும் பொருளைப் பற்றி ஒன்றும் அறியாதவர்தாம் பொட்டலத்தை எடுக்க வேண்டும் என்பது மரபு. தங்கசாமி சின்னானைப் பார்த்தார்.

“ஏனுங்க, உள்ள என்ன நடக்குதுன்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமுங்களா?”

“தெறப்பு விழா அன்னியிலிருந்து இங்கதான் இருக்கறேன்,” என்றார் சின்னான். “ஒரு எழவும் தெரியாது.”

“அப்ப வந்து உக்காருங்க.”

ஒவ்வோர் எண்ணாகப் பூக்கேட்டார்கள். உணவு இடைவேளை கழிந்தது. ஊழியர்கள் சாளரம் தோறும் முகம் வைத்துப் பார்த்தார்கள். தம் மதகின் எண் வந்தபோது தங்கசாமி பொட்டலங்களை இன்னொருதரம் குலுக்கிப் போட்டார். சின்னான் எடுத்தார், பிரித்தார். நந்தியாவட்டை, பால் போல் சிரித்தது. “மாரியாத்தா!” என்று தங்கசாமி கண்ணில் ஒற்றிக்கொண்டார். வரவேற்பு மடலுக்கும் வெள்ளைதான் வந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் எண்ணவில்லை.

இயக்குநர் படியிறங்கி வந்தார். கடிந்து பேசப் போகிறார் என்று அஞ்சிச் சின்னான் செருப்புகளுக்கிடையே போய் நின்றுகொண்டார். இயக்குநர் பூவைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், கம்பளிச் சட்டையின் பித்தானை அவிழ்த்தார்.

“அற்புதம்! விருப்பு வெறுப்பின்றி, ஆவணத்தைக் கண்ணாலும் காணாமல், ஒன்றுவிடாமல் வரிசையாகக் கருத்துரைத்து வருகிறீர்கள். இந்நிலையம் தோன்றிய நாள்தொட்டு இப்படி முழுமையான கருத்துரை வந்ததில்லை. மற்றவர்களெல்லாம் சிந்தித்து எழுதி முறையைக் கெடுத்துவிடுகிறார்கள்.” பின் குரலைத் தாழ்த்தி, “மீதியுள்ளவற்றுக்கு நானே பூ எடுக்கலாமா?” என்றார்.

“கேக்கற விசயத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதவங்கதான் எடுக்கோணுமுங்க.”

“தகுதி எனக்கும் உண்டு,” என்று இயக்குநர் வேம்படியில் சம்மணமிட்டார்.

பிற்பகலில் பொறி மறுமதிப்பெண் இட்டது. தாள் வெளியே வந்தபோது அறையிலிருந்தோர் எல்லாரும் எழுந்து நின்றனர். மதகு ஆணை: முப்பத்துநான்கு. வரவேற்பு மடல்: நூற்றுக்கு நூறு.

“ஒரு மார்க்குங்ணா,” என்றாள் சௌந்திரம். உண்மையிலேயே அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

தங்கசாமி கண்ணாடிச் சாளரத்தின் வழியே அந்தச் சிவப்புக் கட்டைப் பார்த்தார். “அந்த ஒண்ணை நீங்களே போட்டுக் குடுங்க சாமி. காடு காயுதுங்க. என்ற சம்சாரம் வரப்புல நின்னு பாத்துக்கிட்டு இருப்பாளுங்க.”

“கருணை மதிப்பெண் வழங்கக் குழு உண்டு. குழு மார்கழியில் கூடும்,” என்றார் இயக்குநர். “அதற்குள் வேறொன்று செய்யலாம். தேடலைச் செம்மை செய்து பார்த்தாயிற்று. இனித் தேவையையே செம்மை செய்தால் என்ன? தங்களுக்கு ஏன் மதகு வேண்டும்? வரவேற்பு மடல்கள், பிரிவுபசார மடல்கள், விருந்தினர் மாளிகைக்குச் சோபா வாங்கிய கோப்புகள் ஆகியவற்றில் இந்நிலையத்தின் பொருத்தம் மிகச் சிறப்பு. அவற்றில் ஒன்றை விரும்பியிருந்தால் தாங்கள் காலையிலேயே வீடு திரும்பியிருக்கலாம்.”

“சோபாவுக்குத் தண்ணி பாய்ச்ச வேண்டியதில்லீங்களே.”

“அதுவே அதன் சிறப்பு.”

கடைசியில், நூறு வாங்கிய ஆவணத்தை முதல் வகுப்பில் தேறியதாக அறிவித்து, இயக்குநர் தாமே கையொப்பமிட்டு, இருபுறமும் துளையிட்ட தாளில் பொருத்தச் சான்றும் முத்திரையும் வைத்து, மாலை மரியாதை ஒன்றே குறையாக, வரவேற்பு மடலின் நகலைத் தங்கசாமியின் கையில் கொடுத்தார். வெறுங்கையோடு போய் ஆத்தாயியின் முகத்தில் விழிக்க அஞ்சியே அவர் அதை வாங்கிக்கொண்டார்.

மறுநாட்காலை மதகடியில் சென்னிமலை கேட்டார்: “தாள் வந்துதா?”

“வந்துதுங்க. ஆனா...”

“ஆனாவெல்லாம் அப்புறம். குடுங்க.”

சென்னிமலை பொருத்தச் சான்றைப் பிரித்தார். துளையிட்ட தாளை அவர் அதற்கு முன் தொட்டதில்லை. ஆங்கில எழுத்தில் ஏதோ ஓடியது, தமிழுமில்லை, ஆங்கிலமுமில்லை. படிக்க முடியவில்லை என்று ஓர் ஆசாமியின் முன் ஓவர்சியர் சொல்வதெங்ஙனம்? அவர் கண் கீழே இறங்கி, பெரிதாய் அடித்திருந்த ‘100/100’ என்பதில் நிலைகுத்தியது. அவர் நிமிர்ந்து நின்றார். பின்னால் இருந்த மடலைப் புரட்டினார். திறப்பு விழாவுக்கு வந்த உயரதிகாரியை வாழ்த்தி அந்நாளில் யாரோ உள்ளம் நெகிழ்ந்து எழுதியிருந்தார்: ‘வற்றாத கருணை வெள்ளமே, வருக! காய்ந்து கிடக்கும் எங்கள் வயலெல்லாம் பாய்க!’

“ஏனுங்க தங்கசாமி,” என்றார் சென்னிமலை. அதுவரை அவர் வாயில் வராத ‘ஏனுங்க’ அன்று வந்தது. “இருபது வருச சர்வீசுல எத்தனையோ ஆணை பாத்திருக்கறேன். ஒரு ஆணைகூட மார்க்கு வாங்கினதில்ல. இது நூத்துக்கு நூறு வாங்கியிருக்குது. இத்தனை மரியாதையா ‘பாய்க’ன்னு தண்ணியவே கூப்பிட்டு எழுதியிருக்கறாங்க. முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?”

உண்மையைச் சொல்லிவிடத் தங்கசாமி வாயைத் திறந்தார். பின்னாலிருந்து ஆத்தாயி அவர் துண்டைப் பிடித்து இழுத்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. மூடிய மதகு திறந்துகொண்டது. தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, துவண்ட மரவள்ளியின் காலைத் தொட்டது.

கிழங்கு பிடுங்கி, கிழங்கு மில்லுக்கு ஏற்றியனுப்பி, பொங்கலும் கழிந்தபின் ஒருநாள் தபாலில் ஓர் உறை வந்தது. கருணை மதிப்பெண் குழு கூடி, நெடிய ஆலோசனைக்குப் பின் ஒரு மதிப்பெண் அருளியதாகவும், மதகு ஆணை முப்பத்தைந்து பெற்றுத் தேறிவிட்டதாகவும், நகல் இணைப்பில் காண்க என்றும் எழுதியிருந்தது. தங்கசாமி அதைச் சென்னிமலையிடம் காட்டினார்.

சென்னிமலை மதிப்பெண்ணைப் பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்தார். “இது வெறும் முப்பத்தஞ்சு, அதுவும் கருணையில வாங்கினது. இதை வெளிய காட்டாதீங்க. அந்த நூறு மார்க்குக்குக் கெட்ட பேரு வந்துரும்.”

உறையில் ஒரு சீட்டும் இருந்தது: ‘எந்த ஆவணம் தங்களுக்குப் பொருத்தமாக அமைந்தது? தங்கள் மேலான கருத்து, தேடலைச் செம்மை செய்ய உதவும்.’ இம்முறை தங்கசாமிக்குப் பூ தேவைப்படவில்லை. கேட்டது பெரிய இடம். பொய் சொல்ல அவர் மனம் ஒப்பவில்லை. மதகு ஆணைக்கு நேரே ‘இல்லை’ என்றும், வரவேற்பு மடலுக்கு நேரே ‘ஆம்’ என்றும் உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பினார்.

அதைப் பொறி உள்வாங்கிக்கொண்டது. அடுத்த கோடையில், மதகு என்று யார் எந்த ஊரிலிருந்து கேட்டாலும், நூற்றுக்கு நூறு பெற்று அந்த வரவேற்பு மடலே வந்து நின்றது. வாங்கிப் போனவர்கள் அந்தந்த மதகடியில் காட்டினார்கள். அந்தந்த ஓவர்சியர்களும் படிக்க முடியவில்லை என்று சொல்லமாட்டாமல் நிமிர்ந்து நின்று திறந்துவிட்டார்கள். மாவட்டம் முழுதும் வயல் நனைந்தது. நிலையத்தின் ஆண்டறிக்கையில், பாசனத் துறையில் தம் பொருத்தம் நிறைவெய்திவிட்டதென்று முனைவர் பெரியசாமி பெருமிதத்தோடு எழுதினார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

முடியைக் கண்டதாகப் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூவைப் பூசைக்கு ஆகாதென்று அந்நாளில் விலக்கிவைத்தார்கள். தங்கசாமியின் ஊரார் அவ்வளவு கடுமையானவர்கள் அல்லர். அந்த மடலின் நகலைக் கண்ணாடி போட்டு, சந்தனம் குங்குமம் இட்டு, மதகடி மாரியம்மனுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் மதகு திறக்கும் நாளில் முதல் தேங்காய் அம்மனுக்கு, இரண்டாவது அதற்கு. உடைக்கப் போகிறவர்களை ஆத்தாயி மறவாமல் நிறுத்துவாள்:

“செருப்பக் கழட்டுங்க சாமி. தூசி ஆகாதாம்.”